முதுமைக்கு அரை வயிறு போதுமா?

1. கேள்வி

"வயசாயிடுச்சு, இனி அரை வயிறு போதும்" என்பது தமிழ் வீடுகளில் அறிவுரையாகவும் பெருமையாகவும் புழங்கும் வாக்கியம். எழுபதைக் கடந்தவர் இரவில் இரண்டு இட்லியோடு கை கழுவிவிட்டால் யாரும் கவலைப்படுவதில்லை. 'வாயைக் கட்டத் தெரிந்தவர்' என்று மெச்சுகிறோம். அவருடைய வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவுவதும், தரையில் அமர்ந்தவர் கை ஊன்றாமல் எழ முடியாமல் போவதும் வயதின் இயல்பு என்று விடப்படுகின்றன. உணவு குறைந்ததற்கும் கால் தளர்ந்ததற்கும் தொடர்பு இருக்கலாம் என்று நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை.

முதுமையில் குறைத்து உண்பது நல்லது என்ற நம்பிக்கைக்கு எவ்வளவு ஆதாரம் உண்டு என்பதே இக்கட்டுரையின் கேள்வி. குறைக்கத்தான் வேண்டும் என்றால் எதைக் குறைப்பது, எதைக் காப்பது என்பது அதன் தொடர்ச்சி.

தமிழ்நாட்டுக்கு இது அவசரமான கேள்வி. இந்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பின்படி 2021இல் தமிழக மக்களில் 13.6 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள், 16.5 விழுக்காடு கொண்ட கேரளத்துக்கு அடுத்த இடம் இது. 2017–18இல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட 'லாசி' எனப்படும் இந்திய முதுமை நெடுநோக்காய்வு, நாட்டின் முதியோரில் நான்கில் ஒருவருக்கும் சற்று மேற்பட்டோர் எடை குறைந்தவர்கள் என்றும், ஐந்தில் ஒருவருக்கும் சற்று மேற்பட்டோர் மிகை எடை கொண்டவர்கள் என்றும் கண்டது. ஒரே தெருவில் மெலிந்தவரும் பருத்தவரும் இருக்க, இருவருக்கும் 'கம்மியாச் சாப்பிடுங்க' என்ற ஒரே அறிவுரையே கிடைக்கிறது.

2. 'குறைத்து உண்' என்பதன் வேர்கள்

இந்நம்பிக்கைக்கு மரபில் ஒரு வேரும் அறிவியலில் ஒரு வேரும் உண்டு.

மரபுக்குச் சான்றாகப் பெரும்பாலோர் திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தைக் காட்டுவார்கள். முன்பு உண்டது செரித்ததை அறிந்து, பசித்தபின், அளவோடு உண்பதையே அவ்வதிகாரம் வற்புறுத்துகிறது. ஆனால் அதன் முதற்குறளே மிகுதியும் குறைவும் இரண்டுமே நோய் தரும் என்கிறது. முதியவர் குறைத்து உண்ண வேண்டும் என்று தனியே ஒரு விதி அங்கே இல்லை. அளவறிதலை அளவு குறைத்தலாகப் படித்தவர்கள் பிற்காலத்தவர்களே.

அறிவியல் வேர் 1935இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முளைத்தது. கிளைவ் மெக்கேயும் அவருடைய கூட்டாளிகளும், பிற சத்துகள் குறையாமல் கலோரியை மட்டும் குறைத்து எலிகளுக்கு உணவு கொடுத்தபோது அவற்றின் ஆயுள் நீண்டது. அடுத்த கட்டமாக ரீசஸ் குரங்குகளில் இரு நெடுங்கால ஆய்வுகள் நடந்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு 2009இல் உணவுக் குறைப்பு ஆயுளுக்கு உதவுகிறது என்றது. அமெரிக்க தேசிய முதுமை நிறுவனத்தின் குழு 2012இல் ஆயுள் கூடவில்லை என்றது. இரு குழுக்களும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரை, குரங்குகளின் வயதும் உணவின் கலவையும் ஒப்பீட்டுக் குழுவுக்கு அளித்த தீனியின் அளவும் வேறுபட்டதே முரணுக்குக் காரணம் என்று விளக்கியது. விஸ்கான்சின் தீனியில் சர்க்கரை மிக அதிகம். அதைக் குறைத்தாலே நன்மை விளையும் நிலை அங்கிருந்தது.

மனிதரில் நடந்த முக்கியச் சோதனை 'கேலரி'. இரண்டு ஆண்டுகள் கலோரியில் 25 விழுக்காட்டைக் குறைக்க முயன்று, சராசரியாக 12 விழுக்காட்டை ஒட்டியே குறைக்க முடிந்தது. இரத்த அழுத்தம், கொழுப்பு போன்ற அளவீடுகள் மேம்பட்டன. ஆனால் பங்கேற்றவர்களில் எவரும் ஐம்பதைத் தாண்டியவர் அல்லர். அவர்கள் இழந்த எடையில் கொழுப்போடு தசையும் இருந்தது. முப்பத்தைந்து வயதுக்காரர் இழந்த தசையைப் பின்னர் மீட்டுக்கொள்ளலாம். எழுபத்தைந்து வயதுக்காரருக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

ஓக்கினாவா தீவும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. எண்பது விழுக்காடு வயிறு நிறைந்ததும் நிறுத்தும் அவர்கள் வழக்கமும், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் சர்க்கரைவள்ளிக் கிழங்கையே பெரிதும் நம்பியிருந்த அவர்கள் உணவும் உண்மைதான். ஆனால் அது தீவு மக்கள் எல்லாருடைய சராசரி உணவைப் பற்றிய கணக்கு. உடலுழைப்பு நிறைந்த வாழ்க்கையில் இளமை முதலே உண்டவர்களைப் பற்றியது. அறுபத்தைந்தில் ஓய்வு பெற்று நாற்காலியில் அமர்ந்தவர் அன்று தொட்டு உணவைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதில் விடை இல்லை.

ஆக, குறைத்து உண்பதற்கு ஆதரவான சான்றுகளில் பெரும்பகுதி இளம் விலங்குகளிலிருந்தும் நடுவயது மனிதர்களிலிருந்தும் வந்தவை. அவற்றை முதியவரின் தட்டுக்கு அப்படியே மாற்றுவதில்தான் பிழை தொடங்குகிறது.

3. முதிய உடலில் நிகழ்வது

வயதேற ஏற உடலுக்குத் தேவையான கலோரி குறைகிறது என்பதில் ஐயமில்லை. தசை குறைகிறது, ஓட்டமும் நடையும் குறைகின்றன. ஆகவே எரிபொருள் தேவையும் குறைகிறது. ஆனால் புரதம், கால்சியம், பி12 போன்றவற்றின் தேவை அதே அளவில் குறைவதில்லை. சில கூடுகின்றன. குறைந்த உணவுக்குள் முன்பைவிட அதிகச் சத்தை அடக்க வேண்டிய நெருக்கடிதான் முதுமையின் உணவுச் சிக்கல்.

பசி குறைவதையும் 'உடம்பு கேட்கவில்லை' என்று நம்பிவிட முடியாது. ஜான் மார்லி 1988இலேயே முதுமைப் பசியின்மையைத் தனியே ஆராய வேண்டிய நிலையாக அடையாளம் காட்டினார். 1994இல் சூசன் ராபர்ட்ஸ் குழுவினர் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியிட்ட சோதனை இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. இளைஞர்களுக்கும் முதிய ஆண்களுக்கும் மூன்று வாரம் உணவைக் குறைத்துக் கொடுத்து, பின் விருப்பம்போல் உண்ண விட்டார்கள். இளைஞர்கள் வழக்கத்தைவிட அதிகம் உண்டு இழந்த எடையை மீட்டனர். முதியவர்கள் அப்படி உண்ணவில்லை. காய்ச்சலில் படுத்து எழுந்த பாட்டி பழைய உடம்புக்குத் திரும்பாததன் காரணம் இதில் இருக்கிறது. பசி என்னும் காவலாளி முதுமையில் தூங்கிவிடுகிறான்.

அந்தப் படுக்கை நாட்களே பெரிய இழப்பைத் தரும். நலமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்து 2007இல் செய்த ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ கொழுப்பற்ற திசு கரைந்தது. நடுவயதுக்குப் பின் தசை ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காடு குறைகிறது, வலு அதைவிட வேகமாகக் குறைகிறது என்பது பொதுவான மதிப்பீடு. படியில் இறங்குவதுபோல் மெல்லக் குறைந்துவரும் தசை, ஒரு நோயிலோ ஓர் அறுவைச் சிகிச்சையிலோ பல படிகளை ஒரே நாளில் தவறவிடுகிறது.

இந்தத் தசை நலிவுக்கு 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தவர் இர்வின் ரோசன்பர்க், ஆண்டு 1988. ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவுகோல்கள் எளிமையானவை. கைப்பிடி வலு ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தாலோ, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்தமர 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலோ ஐயம் கொள்ளலாம். கெண்டைக்காலின் சுற்றளவு ஆணுக்கு 34 செ.மீ., பெண்ணுக்கு 33 செ.மீ. அளவுக்குக் கீழே போவதும் எச்சரிக்கை. தையல்காரரின் நாடாவும் ஒரு கடிகாரமும் இருந்தால் இவற்றில் இரண்டை வீட்டிலேயே பார்க்கலாம்.

4. புரதம்: சான்றும் மறுசான்றும்

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை, வயது வந்தோருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். 2013இல் 'புராட்-ஏஜ்' என்ற பன்னாட்டு வல்லுநர் குழு, நலமுள்ள முதியவருக்கு இதை 1.0 முதல் 1.2 கிராமாகவும், நோயுற்றவருக்கு 1.2 முதல் 1.5 கிராமாகவும் உயர்த்தப் பரிந்துரைத்தது. இளைஞரின் தசைக்குப் போதுமான புரதம் முதிய தசையைத் தூண்டப் போதாது என்பதே அடிப்படை வாதம். ஒரு வேளை உணவில் தசை வளர்ச்சியை உச்சத்துக்குக் கொண்டுவர இளைஞருக்குக் கிலோவுக்கு 0.24 கிராம் போதும், முதியவருக்கு 0.40 கிராம் வேண்டும் என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

ஆனால் இப்பரிந்துரை வல்லுநர்களின் இணக்கக் கருத்து. மறுக்க முடியாத சோதனை முடிவு என்று கொள்வதற்கில்லை. 2018இல் வெளியான பாசின் குழுவின் ஆய்வு இதைச் சோதித்தது. நடமாட்டம் குறைந்த, வழக்கமாகக் குறைந்த புரதமே உண்டுவந்த முதிய ஆண்களுக்கு ஆறு மாதம் சமைத்த உணவையே கொடுத்து, ஒரு பிரிவுக்குக் கிலோவுக்கு 0.8 கிராமும் மறு பிரிவுக்கு 1.3 கிராமும் புரதம் கிடைக்கச் செய்தார்கள். தசையிலோ வலுவிலோ பெரிய வேறுபாடு ஏற்படவில்லை. புரதத்தை வெறுமனே கூட்டினால் தசை தானே வளரும் என்று விளம்பரம் செய்வோர் இந்த ஆய்வை மறைத்துவிடுகிறார்கள்.

மறைக்காமல் படித்தால் இரண்டு பாடங்கள் தெரிகின்றன. முதலாவது, ஒப்பீட்டுக் குழுவுக்கும் 0.8 கிராம் முறையாகக் கிடைத்தது. அதற்கும் கீழே 0.5, 0.6 கிராமில் காலம் தள்ளுவோரைப் பற்றி இச்சோதனை எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது, தசைக்கு உழைப்பின் அழைப்பு வேண்டும். மரியா ஃபியாட்டரோன் 1994இல் பாஸ்டன் முதியோர் இல்லமொன்றில் சராசரி 87 வயதுள்ள நூறு பேரிடம் நடத்திய சோதனை இதற்கு உரைகல். பத்து வாரம் எடை தூக்கும் பயிற்சி செய்தோரின் தசை வலு இரு மடங்குக்கு மேல் ஆயிற்று. நடையின் வேகமும் கூடியது. பயிற்சி இல்லாமல் ஊட்டச்சத்துப் பானம் மட்டும் குடித்தோருக்குப் பயன் இல்லை.

உணவே முன்னின்று பயன் தந்த சான்றும் உண்டு. ஆஸ்திரேலியாவின் அறுபது முதியோர் இல்லங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த இரண்டாண்டுச் சோதனையின் முடிவு 2021இல் வெளிவந்தது. பாதி இல்லங்களில் பால், தயிர், பாலாடைக்கட்டி ஆகியவற்றைக் கூட்டி, கால்சியத்தை நாளுக்கு 1,100 மில்லிகிராமுக்கு மேலும் புரதத்தைக் கிலோவுக்கு 1.1 கிராமுக்கும் கொண்டுவந்தார்கள். எலும்பு முறிவுகள் 33 விழுக்காடும், இடுப்பெலும்பு முறிவுகள் 46 விழுக்காடும், கீழே விழுதல் 11 விழுக்காடும் குறைந்தன. மாத்திரை அல்ல, சமையலறைப் பொருள் தந்த முடிவு இது. ஒப்பிட்டுப் பார்க்க, இருபத்தைந்தாயிரம் பேரிடம் நடந்த அமெரிக்கச் சோதனையொன்றில் வைட்டமின் டி மாத்திரை எலும்பு முறிவைக் குறைக்கவில்லை என்று 2022இல் தெரியவந்தது. அச்சோதனையில் பங்கேற்றோர் குறைபாட்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். ஆகவே குறைபாடு உறுதியானவருக்கு மாத்திரை வேண்டாம் என்று அதிலிருந்து முடிவுகட்டக் கூடாது.

நடுவயதிலும் இதே அறிவுரை பொருந்துமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 2014இல் லெவின் குழுவினர் அமெரிக்கத் தரவுகளில், 50 முதல் 65 வயது வரை அதிகப் புரதம் இறப்பு அபாயத்தோடு சேர்ந்து வருவதையும், 65க்குப் பின் அத்தொடர்பு தலைகீழாவதையும் கண்டனர். பெரும்பாலும் ஒரு நாள் உணவு நினைவை நம்பிய நோக்காய்வு அது. ஒன்றால்தான் மற்றொன்று என்று நிறுவ அது போதாது. ஆனாலும் ஐம்பதுக்கு எழுதிய உணவுச் சீட்டை எழுபத்தைந்துக்கும் நீட்டக் கூடாது என்ற எச்சரிக்கையை அது வலுப்படுத்துகிறது.

சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு விதி வேறு. நாட்பட்ட சிறுநீரக நோய் முற்றிய நிலையில், டயாலிசிஸ் தொடங்காதவருக்குப் புரதத்தைக் கட்டுப்படுத்துவதே மருத்துவ வழக்கம். நெடுங்காலச் சர்க்கரை நோயாளிகள் நிறைந்த நம் சமூகத்தில், புரதத்தைக் கூட்டுமுன் இரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்து மருத்துவரிடம் கேட்பது கட்டாயம்.

5. மெலிவு பற்றிய மயக்கம்

ஒல்லியே நலம் என்ற எண்ணத்தையும் எடை போட வேண்டும். 65 வயதைக் கடந்த ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்து 2014இல் வந்த ஆய்வில், உடல் நிறை குறியெண் 23க்குக் கீழே இறங்க இறங்க இறப்பு அபாயம் கூடியது. இளையோருக்கு 'மிகை எடை' எனப்படும் 25 முதல் 30 வரையில் அது குறைவாகவே இருந்தது. இதற்கு எதிராக இரண்டு தடைகள் எழுப்பப்படுகின்றன. நோயால் ஏற்கெனவே மெலிந்தவர்கள் கணக்கைத் திரித்திருக்கலாம் என்பது ஒன்று. தரவுகள் பெரிதும் மேலைநாட்டவருடையவை; குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வரும் நம் உடல்வாகுக்கு 23ஐத் தாண்டினாலே எச்சரிக்கை என்பது மற்றொன்று.

இரண்டும் கருதத்தக்க தடைகள். ஆனால் ஆசிய நாடான ஜப்பான், தன் 2020ஆம் ஆண்டு உணவுப் பரிந்துரையில் 65 வயதைக் கடந்தோருக்கு இலக்குக் குறியெண்ணை 21.5 முதல் 24.9 என வைத்து, இளையோரைவிடக் கீழ் எல்லையை உயர்த்தியிருக்கிறது. கலோரியில் புரதத்தின் பங்குக்கும் முதியோருக்குத் தனியே உயர்ந்த கீழ் எல்லை வகுத்திருக்கிறது. நாற்பது வயதில் தொந்தியைக் குறைப்பதும், எண்பது வயதில் எடை நழுவாமல் காப்பதும் முரண்பட்ட அறிவுரைகள் அல்ல. முயற்சி செய்யாமலே ஆறு மாதத்தில் எடை ஐந்து விழுக்காடு குறைந்தால், அதைப் பாராட்டாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

6. நம் தட்டின் கணக்கு

இவற்றை ஒரு தமிழ் நாளுக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஐம்பது கிலோ எடையுள்ள மூதாட்டி ஒருவர். காலையில் மூன்று இட்லி, நீர்த்த சாம்பார், சட்னி. மதியம் ரசம் சாதம், மோர், கொஞ்சம் பொரியல். இரு வேளை காபி, இரண்டு பிஸ்கட். இரவு இரண்டு இட்லி. இட்லிக்கு 2 கிராம், 80 கிராம் அரிசிக்கு 6 கிராம் என்ற அளவில் கூட்டினால் மொத்தப் புரதம் 30 கிராமை ஒட்டி வரும். அதாவது கிலோவுக்கு 0.6 கிராம். புராட்-ஏஜ் அளவு இருக்கட்டும், ஐதராபாத் அளவான 41 கிராமுக்கே இது எட்டாது. இது சராசரி முதியவரின் அளவீடு அன்று. 'லேசான சாப்பாடு' என்று நாம் சொல்வதன் உள்ளடக்கத்தைக் காட்டும் கணக்கு.

அளவோடு தரமும் சிக்கல். அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் அனுரா குர்பாடும் உடனாய்வாளர்களும் இந்தியரிடம் நடத்திய ஆய்வுகள், மனிதருக்கான லைசின் தேவை முன்பு நினைத்ததைவிட இரு மடங்குக்கும் மேல் என்று காட்டின. உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு அறிக்கை கிலோவுக்கு 12 மில்லிகிராம் என்றிருந்த அளவை 30 ஆக உயர்த்தியதில் அவற்றுக்குப் பங்குண்டு. லைசினைத் தருவது பருப்பும் பாலும் முட்டையும் மீனும். 'செரிக்காது', 'வாயு', 'சூடு' என்று முதியவர் தட்டிலிருந்து முதலில் விலக்கப்படுபவையும் இவையே. அரிசி மட்டும் கடைசிவரை இருக்கிறது.

கேழ்வரகுக் கூழ் இந்தக் குறையைத் தீர்க்கும் என்பது பரவலான எண்ணம். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமை ஒட்டிய கால்சியம் உண்டு. அதற்காக அது போற்றத்தக்கது. புரதமோ அரிசியைவிட அதிகம் இல்லை. கடையில் வாங்கும் மால்ட் பானப் பொடி இரண்டு கரண்டியில் கிடைக்கும் புரதம் பெரும்பாலும் ஒரு முட்டையில் உள்ளதைவிடக் குறைவு, சர்க்கரைதான் அதிகம்.

அதே மூதாட்டியின் நாளில் ஓர் இட்லியையும் ஒரு கை சோற்றையும் குறைத்து, 30 கிராம் துவரம்பருப்பில் கெட்டிப் பருப்பு, ஒரு முட்டை, மாலையில் பிஸ்கட்டோடு 30 கிராம் கடலையில் நன்கு குழைய வேகவைத்த சுண்டல், மோருக்குப் பதில் ஒரு கிண்ணம் கெட்டித் தயிர் சேர்த்தால் புரதம் 50 கிராமைத் தொடும். முட்டை உண்ணாதவருக்கு ஒரு தம்ளர் பாலும் உளுந்தங்கஞ்சியும் அந்த இடத்தை நிரப்பும். மெலிந்தவருக்கு இதில் சேரும் கலோரி நல்லது. பருத்தவர் சோற்றை இன்னும் ஒரு கை குறைத்துக்கொள்ளலாம். குறைக்க வேண்டியது எது என்ற கேள்விக்கு விடை இதுவே: சோறு குறையலாம், குழம்பிலுள்ள பருப்பும் மீனும் குறையக் கூடாது.

7. தட்டுக்கு வராததன் காரணங்கள்

உணவு தெரியாததால் மட்டும் முதியவர்கள் மெலிவதில்லை. மெல்ல முடியாதவருக்குச் சுண்டல் பயன்படாது. ஜப்பான் 1989இல் எண்பது வயதிலும் இருபது பற்கள் என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்த வயதினரில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த இலக்கை எட்டியிருந்தனர். நம் வீடுகளில் பல் விழுவது இன்னும் விதியாகவே கருதப்படுகிறது. பல்செட் வாங்கித் தருவதும் ஊட்டச்சத்துச் சிகிச்சைதான்.

மருந்துகளும் குறுக்கிடுகின்றன. சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மினும், அமிலத்தைக் குறைக்கத் தரும் பாண்டோபிரசோல் போன்றவையும் நெடுங்காலம் உண்டால் பி12 சேர்வதைக் குறைக்கும். முதுமையில் இரைப்பைச் சவ்வு மெலிவதாலும் உணவிலுள்ள பி12 பிரிந்து சேர்வது குறைகிறது. மரக்கறி உண்பவருக்கு இம்மூன்றும் ஒன்றுசேர்ந்தால் கால் மரத்துப்போவதும் நினைவு மங்குவதும் 'வயசு' என்று தவறாகப் படிக்கப்படலாம். சர்க்கரை, உப்பு, கொழுப்பு என்று ஒவ்வொரு மருத்துவரும் ஒன்றைத் தடுக்க, எஞ்சுவது ருசியற்ற கஞ்சி. முதியோர் இல்லங்களில் இருப்போருக்கு இறுக்கமான பத்திய உணவு வேண்டாம், அதனால் மெலிவே விளையும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமே அறிவுறுத்துகிறது.

பாலின வேறுபாடு இன்னும் ஆழமானது. எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்ட பெண், எழுபதிலும் அப்படியே உண்கிறார். வெள்ளி, சஷ்டி, ஏகாதசி, சோமவாரம் என்று விரதங்களைக் கூட்டிக்கொண்டே போகிறவரும் அவரே. சில சாதிகளில் கைம்பெண்ணுக்கு விதித்திருந்த ஒருவேளை உணவுக் கட்டுப்பாடு பேச்சளவில் மறைந்தாலும், தனக்கென்று ஒன்று கேட்பது தகாது என்ற கூச்சம் மறையவில்லை. பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில், மருமகளிடம் "இன்னொரு முட்டை வைம்மா" என்று கேட்க எத்தனை மாமியார்களுக்கு வாய் வரும்? பலர் பசியின்மை என்று சொல்வதில் ஒரு பகுதி கேட்க மனமின்மை.

8. அரசின் பங்கு

தமிழ்நாடு 1962இலேயே முதியோர் உதவித்தொகை தந்த மாநிலம். எம்.ஜி.ஆர். 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் அடுத்த ஆண்டே உதவித்தொகை பெறும் முதியோருக்கும் விரிந்தது. மதிய உணவு உண்பவருக்கு மாதம் 2 கிலோவும் உண்ணாதவருக்கு 4 கிலோவும் அரிசி வழங்குவது இத்திட்டத்தின் விதி. 2023 ஆகஸ்ட் முதல் உதவித்தொகை 1,200 ரூபாய். ஆனால் இதில் ஒன்றிய அரசின் பங்கு எண்பது வயதுக்குட்பட்டவருக்கு இன்னும் 200 ரூபாய்தான்.

இவற்றின் பொது இயல்பு கவனிக்கத்தக்கது: முதியவருக்கு அரசு தரும் பொருள் அரிசி. பள்ளிக் குழந்தைக்கு 2010 முதல் வாரம் ஐந்து முட்டை என்று முடிவெடுத்த மாநிலம், முதியவரின் முட்டையை அவர் பணப்பைக்கே விட்டுவிட்டது. மேலே சொன்ன பருப்பு, முட்டை, சுண்டல், தயிர் ஆகியவற்றுக்கு இன்றைய கடைவிலையில் நாளொன்றுக்கு இருபது ரூபாயை ஒட்டிச் செலவாகும். மாதம் அறுநூறு, உதவித்தொகையில் பாதி. மருந்துக்கும் வாடகைக்கும் போக அது எஞ்சுமா?

நியாயவிலைக் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பு தனித்து வாழும் முதியவருக்கு நாளுக்கு 30 கிராமுக்கு மேல் வரும். தேவையைச் சரியாக நிறைவு செய்யும். ஆனால் அளவு அட்டைக்குத்தானே தவிர தலைக்கு இல்லை. நான்கு பேர் உள்ள வீட்டில் பாட்டியின் பங்கு நாளுக்கு எட்டு கிராம். கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் முதியவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்ற நம் எண்ணத்தை இந்தக் கணக்கு அசைக்கிறது.

கட்டமைப்பு இல்லாமல் இல்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இல் டாக்டர் வி.எஸ். நடராசன் தொடங்கிய முதியோர் மருத்துவம் இன்று தனித்துறை. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, அழுத்த மாத்திரைகளோடும் இயன்முறைச் சிகிச்சையோடும் வீட்டு வாசலுக்கே போகிறது. வாசல்வரை வரும் கைகளில் ஓர் அளவு நாடாவும் எடைக் கருவியும் தந்து, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்தமரச் சொல்லிப் பார்ப்பதைக் கடமையாக்கப் பெரிய செலவில்லை.

9. முடிவுகள்

சான்றுகளை நிறுத்துப் பார்த்தால் மூன்று முடிவுகளைத் துணிந்து சொல்லலாம். முதுமையில் கலோரித் தேவை குறைகிறது. ஆனால் புரதம் முதலிய சத்துகளின் தேவை குறைவதில்லை. கிலோவுக்கு 1.2 கிராம் என்ற உயர் இலக்கு இன்னும் விவாதத்துக்குரியது, சிறுநீரகம் பழுதுபடாதவர் 0.83க்குக் கீழே விழக் கூடாது என்பதில் பெரிய விவாதமில்லை, நம் லேசான சாப்பாடு விழுவதும் அங்கேதான். உணவு மட்டும் போதாது. நாற்காலியிலிருந்து எழுந்தமர்வதோ, படி ஏறுவதோ, எடை தூக்குவதோ உடன் இல்லாமல் தசை தங்காது.

அரசு செய்யத்தக்கவையும் மூன்று: உதவித்தொகை பெறும் முதியவருக்கு அரிசியோடு தலைக்கு ஒரு கிலோ பருப்பு, சத்துணவு மையத்தில் உண்ணும் முதியவருக்கும் குழந்தைக்குப்போல் முட்டை, வீடு தேடி வரும் மருத்துவப் பணியாளரிடம் எடையும் கெண்டைக்கால் அளவும் எழுதும் ஏடு.

வீட்டில் செய்ய வேண்டியதற்கு அரசாணை தேவையில்லை. பெரியவர்களுக்குப் பரிமாறும்போது கரண்டியைச் சோற்றில் சிக்கனமாகவும் பருப்பில் தாராளமாகவும் ஓட்டுங்கள். அவர்கள் "போதும்" என்றால் சோற்றுக்கு அதை ஏற்றுக்கொள்ளுங்கள். பருப்புக்கும் முட்டைக்கும் இன்னொரு முறை கேளுங்கள்.